தூணிடையே தொங்கிய பேரீச்சங் குலைகள்

(சங்கக் கட்டடத்தில் மஃரிபுத் தொழுகைக்குப் பின் நிகழ்ந்த மார்க்கச் சொற்பொழிவு. ஏட்டின் பொருட்டுச் சற்றுச் சுருக்கி எழுதப்பெற்றது.)

அல்லாஹ்வின் திருநாமம் கொண்டு ஆரம்பிக்கிறேன். அவன் திருத்தூதர் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலாத்தும் ஸலாமும் உண்டாவதாக.



சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளைப் பற்றி இன்று பேசும்படி சங்கத்துக் காரியதரிசி கேட்டுக் கொண்டார். இல்மின் சிறப்பைப் பற்றி நான் இங்கே நீட்டி முழக்கப் போவதில்லை. அது உங்கள் அனைவருக்கும் தெரியும். ஹிரா குகையிலே இறங்கிய முதல் வஹீ ஓதும்படி ஏவியது என்பதையும், எழுதுகோலைக் கொண்டு இறைவன் மனிதனுக்குக் கற்றுக் கொடுத்ததை அது எடுத்துரைத்தது என்பதையும் ஒவ்வொரு மீலாது மேடையிலும் கேட்கிறோம். கேட்டு ஸுப்ஹானல்லாஹ் என்கிறோம். ஆனால் மேடையை விட்டு இறங்கிய ஒரு தந்தையைப் பிடித்து, "உங்கள் பையன் எந்த வகுப்பிலே இருக்கிறான்?" என்று கேட்டுப் பாருங்கள். "உயர்நிலை இரண்டா, மூன்றா... அவன் அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன், ஹஜ்ரத்" என்பார். இது நான் கட்டிச் சொல்வதன்று. என்னிடமே சொல்லப்பட்ட பதில்.

ஆகவே இன்று இல்மின் சிறப்பை விட்டுவிட்டு, இல்முக்காக ஒரு ஜமாஅத் எதைக் கொடுக்க வேண்டும், எப்படிக் கொடுக்க வேண்டும் என்ற ஒன்றை மட்டும் பார்ப்போம்.

மதீனா நகருக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன். நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசல். களிமண் சுவர், பேரீச்ச மரத் தூண்கள், மட்டை வேய்ந்த கூரை. அதன் ஒரு புறத்திலே நிழலான ஓரிடம். அதற்கு ஸுஃப்பா என்று பெயர். வீடில்லாதவர், குடும்பமில்லாதவர், கையிலே காசில்லாதவர் அங்கே தங்கினார்கள். ஓதினார்கள், எழுதக் கற்றார்கள், நாயகம் (ஸல்) அவர்களின் வாயிலிருந்து வந்ததை மனனம் செய்தார்கள். இக்காலப் பேச்சில் சொன்னால் விடுதியோடு கூடிய பள்ளிக்கூடம். ஆனால் மானியம் கொடுக்க அரசாங்கக் கல்வி அமைச்சு கிடையாது. அவர்களுக்குச் சோறு போட்டவர் யார்?

மதீனத்து அன்ஸாரிகள் தோட்டக்காரர்கள். பேரீச்சம்பழ அறுப்புக் காலம் வந்ததும் ஒவ்வொருவரும் தம் வசதிக்கு ஏற்றபடி ஒரு குலையோ இரண்டு குலையோ கொண்டு வந்து, பள்ளிவாசலில் இரண்டு தூண்களுக்கு இடையே கட்டிய கயிற்றில் தொங்க விடுவார்கள். ஸுஃப்பாவிலிருக்கும் ஒருவருக்குப் பசி எடுத்தால், எழுந்து வந்து கோலால் குலையைத் தட்டுவார். செங்காயும் பழமுமாக நாலைந்து உதிரும். உண்டுவிட்டு மறுபடியும் ஓதப் போய்விடுவார். கேட்க வேண்டியதில்லை, கெஞ்ச வேண்டியதில்லை. எவ்வளவு அழகான ஏற்பாடு, பாருங்கள்!

ஆனால் மனிதர் எல்லாரும் ஒரு தன்மையர் அல்லர். நல்ல குலைகள் பல தொங்கும்போது நம்முடையது யாருக்குத் தெரியப் போகிறது என்று எண்ணிச் சிலர் சூம்பிப் போனதையும், கொட்டை வைக்காததையும், ஒடிந்து விழுந்த குலையையும் கொண்டு வந்து கட்டினார்கள். அச்சமயத்தில்தான் ஸூரத்துல் பகராவிலுள்ள ஓர் ஆயத்து இறங்கியது என்று பராஉ இப்னு ஆஸிப் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அந்த ஆயத்தின் கருத்து யாதெனில், உங்களுக்கே ஒருவர் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டல்லாமல் வாங்கிக்கொள்ள மாட்டீர்களே, அப்படிப்பட்ட மட்டமான பொருளைப் பார்த்து எடுத்து அல்லாஹ்வின் பாதையில் கொடுக்காதீர்கள் என்பதாகும். அதன் பிறகு ஒவ்வொருவரும் தம்மிடமுள்ளதில் நல்லதையே கொண்டு வந்தார்கள்.

சகோதரர்களே! ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் கொடுக்காதவர்கள் அல்லர். கொடுத்தார்கள். பெயருக்கு ஒரு குலை கயிற்றில் தொங்கத்தான் செய்தது. எண்ணிக்கை சரியாகவே இருந்தது. அப்படியிருந்தும் வானத்திலிருந்து கண்டனம் வந்தது. கொடுத்தாயா என்று மட்டும் அல்லாஹ் கேட்கவில்லை. எதைக் கொடுத்தாய் என்று கேட்டான்.

அந்தக் குலைகளை உண்டவர்களிலே ஒருவர் அபூஹுரைரா (ரலி). ஹிஜ்ரி 7-ம் ஆண்டில் வந்து சேர்ந்தவர். பசியினால் பள்ளிவாசலில் மயங்கி விழுந்த நாட்களும் அவருக்கு உண்டு. அன்ஸாரிச் சகோதரர்கள் தோட்டம் துரவையும், முஹாஜிர்ச் சகோதரர்கள் கடைவீதியையும் கவனித்தபோது, வயிற்றுக்குக் கிடைத்ததே போதுமென்று நாயகத்தை விட்டுப் பிரியாதிருந்தேன் என்னும் கருத்துப்பட அவரே கூறியிருக்கிறார். மிக அதிகமான ஹதீஸ்களை அறிவித்த ஸஹாபி அவரே. உளூ, தொழுகை, நோன்பு என்று இன்று நாம் செய்யும் அமல்களில் எத்தனையோ அவர் நினைவில் வைத்துச் சொன்னதனால் நம்மை வந்தடைந்தன. அவர் பசிக்குக் குலை கட்டிய தோட்டக்காரரின் பெயரை நாம் அறியோம். அல்லாஹ் அறிவான்.

இனி மதீனாவிலிருந்து சிங்கப்பூருக்கு வருவோம்.

நம் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் கடையநல்லூர் ஸ்திரீட் என்று ஒரு சிறு தெரு உண்டு. வழி தவறிப் போகிறவர்களைத் தவிர வேறு யாரும் இப்போது அதைக் கவனிப்பதில்லை. அந்தப் பக்கத்தில் ஒரு காலத்தில் தென்காசி, கடையநல்லூர் முஸ்லிம்கள் நிறைந்திருந்தார்கள். ஊரிலே தறி படுத்துப் போனதால் கப்பலேறி வந்தவர்கள். ஆண்கள் துறைமுகத்திலும் சிறு கடைகளிலும் பிழைத்தார்கள். பெண்கள் அம்மியிலும் கல்லிலும் மசாலை அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார்கள். மிளகாய்க் காந்தல் ஏறிய கைகள் அவை. யுத்தம் முடிந்து, ஜப்பானியர் போய், அரிசிக்கே திண்டாட்டமாயிருந்த காலத்தில், 1946-ல், சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தை ஆரம்பித்தது. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரை அதற்கு வைத்தார்கள். 1960-ல் அது உயர்நிலைப் பள்ளியாயிற்று. சிங்கப்பூரில் தமிழைப் போதனா மொழியாகக் கொண்ட உயர்நிலைப் பள்ளி அது ஒன்றுதான். மேக்ஸ்வெல் ரோட்டில் இருந்த அந்தப் பள்ளியில் முஸ்லிம் பிள்ளைகளோடு இந்துப் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் அமர்ந்து படித்தார்கள். முஸ்லிம்கள் தொடங்கியது, தமிழர் அனைவருக்கும் திறந்திருந்தது. இதை நாம் பெருமையாகச் சொல்லிக் கொள்ளலாம்.

அப்பள்ளி 1982-ல் மூடப்பட்டது. மாணவர் தொகை குறைந்தது. பெற்றோர் ஆங்கிலப் பள்ளிகளை நாடினார்கள். வேலைக்கும் மேற்படிப்புக்கும் அதுவே வழி என்று கண்டார்கள், அதில் தவறு சொல்ல முடியாது. மறுவருஷம் அதே பெயரில் தமிழ்மொழி நிலையம் ஏற்பட்டு, பிள்ளைகள் இன்றும் அங்கே தமிழ் கற்று வருகிறார்கள். பள்ளி போய்விட்டதே என்று அழுவதற்காக இதைச் சொல்லவில்லை. இன்று நம் பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கும் ஆய்வுக்கூடமும், நூல்நிலையமும், பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் அக்காலப் பிள்ளைகள் கனவிலும் காணாதவை. ஆனால் ஒன்று கை நழுவிவிட்டது. அந்தப் பள்ளி நம்முடையது என்ற எண்ணம் அன்று இருந்தது. நம்முடையது ஆகையால் அதன் வாசற்படி மிதிக்க யாரும் கூச்சப்படவில்லை. இன்றைய பள்ளியோ அரசாங்கத்தினுடையது. எல்லாம் அவர்கள் பார்த்துக் கொள்வார்கள் என்று வாசலிலேயே பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பி விடுகிறோம்.

"நாங்கள் ஒன்றும் கொடுக்கவில்லையா, ஹஜ்ரத்?" என்று கேட்பீர்கள். கொடுக்கிறீர்கள். இந்திய முஸ்லிமாகிய உங்கள் மாதச் சம்பளத்தில் இரண்டு பிடித்தம் உண்டு. ஒன்று சிண்டா நிதிக்கு, மற்றொன்று பள்ளிவாசல் கட்டட, மெண்டாக்கி நிதிக்கு. மெண்டாக்கி 1982-லும் சிண்டா 1991-லும் ஏற்பட்டவை. இரண்டும் பிள்ளைகளின் படிப்புக்கு உதவி செய்கின்றன, துணைப்பாட வகுப்புகள் நடத்துகின்றன. நாம் இரண்டுக்கும் செலுத்துகிறோம். ஆனால் இரண்டின் வாசலையும் தட்டாதவர் நம்மில் எத்தனை பேர்! அது கிடக்கட்டும். சம்பளப் பிடித்தம் என்பது நாம் பாராமலே போகிற பணம். அதை மட்டும் காட்டி, கயிற்றிலே என் குலையும் தொங்குகிறது என்று சொல்லிவிடலாமா? இதற்கு நானே பதில் சொல்ல வேண்டியவனாகிவிட்டேன். அது எப்படியென்று சொல்லுகிறேன்.

நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு சகோதரர் சரபத்துக் கடை வைத்திருக்கிறார். எந்தக் கடை என்பது உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்கள் விசாரிக்க வேண்டா. அவர் அனுமதி பெற்றே இதைச் சொல்லுகிறேன். ஸுப்ஹுத் தொழுகை முடிந்து, சற்று ஓதிவிட்டு, நாங்கள் நாலைந்து பேர் எட்டு மணி வாக்கில் அங்கே தேத்தண்ணி குடிப்பது வழக்கம். இவ்வாண்டுப் பள்ளித் தவணை தொடங்கிச் சில வாரங்கள் ஆனபின், கடையிலே ஒரு பையன் தேத்தண்ணி ஆற்றிக் கொடுத்தான். பதினைந்து வயது. கடைக்காரரின் மூத்த மகன். உயர்நிலை மூன்றில் படிக்க வேண்டியவன்.

திங்கட்கிழமை காலை எட்டு மணி. பள்ளிக்கூடம் தொடங்கி அரை மணி நேரம் ஆகியிருக்கும். அவன் கையால் நான் தேத்தண்ணி வாங்கிக் குடித்தேன். செவ்வாயன்றும் குடித்தேன். பள்ளிவாசல் நிர்வாகிகள் குடித்தார்கள். சங்கத்துப் பெரியவர்கள் குடித்தார்கள். கல்வி நிதிக்கு ரசீதுப் புத்தகம் எடுத்துக்கொண்டு வந்தவரும் அதே மேசையிலிருந்து குடித்தார். ஏறக்குறைய இரண்டு மாதம். இந்த இரண்டு மாதத்தில் நான் அவனிடம் பேசியது ஒன்றே ஒன்று: "தம்பி, சீனி குறைத்துப் போடு."

நாயகம் (ஸல்) அவர்கள் தொழுகையை நீட்டித் தொழ நாடி நிற்கும்போது, பின்னால் ஒரு குழந்தை அழும் சப்தம் கேட்டால், தாயின் மனம் தவிக்குமே என்று தொழுகையைச் சுருக்கிக் கொள்வார்களாம். அல்லாஹ்வின் சந்நிதானத்தில் நின்றவர்களுக்குப் பிள்ளையின் குரல் கேட்டது. தேத்தண்ணிக் கடையில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்குப் பிள்ளை கண்ணிலே படவில்லை. இந்த ஹதீஸை நான் எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறேன்.

யார் கேட்டது தெரியுமா? கடைக்கு மீன் கொண்டு வரும் சீனர் ஒருவர். "இவனுக்கு ஸ்கூல் இல்லையா?" என்று மலாயில் கேட்டார். எல்லாரும் தலையைக் குனிந்து கோப்பையைப் பார்த்தோம்.

அதன் பின்னர்தான் தந்தையிடம் உட்கார்ந்து பேசினேன். அவர் கெட்டவர் அல்லர். பிள்ளையின் படிப்பை வெறுப்பவரும் அல்லர். கடையிலே வேலைக்கிருந்தவர் ஊருக்குப் போய்விட்டார். வேறு ஆள் கிடைக்கவில்லை. ஒரு வாரத்துக்கு உதவி செய் என்று மகனை நிறுத்தினார். ஒரு வாரம் இரண்டாயிற்று. பையனும் மறுக்கவில்லை. ஏன் மறுக்கவில்லை என்பதைத் தந்தை அறியவில்லை. பையனிடம் தனியே பேசியபோது எனக்குத் தெரிந்தது. சென்ற ஆண்டே கணிதத்தில் பின்தங்கிவிட்டான். வகுப்பிலே ஆசிரியர் கேட்டால் பதில் வராது. நண்பர்கள் சிரித்தார்கள். "அங்கே உட்கார்ந்திருந்தால் நான் மக்கு, ஹஜ்ரத். இங்கே அத்தாவுக்கு நான் உதவி" என்றான். பதினைந்து வயதுப் பிள்ளை சொன்ன சொல். இதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

பள்ளிக்கூடம் சும்மா இருந்ததா? இல்லை. வகுப்பாசிரியை பலமுறை தொலைபேசியில் அழைத்திருக்கிறார். தெரியாத எண், மோசடிக்காரன் என்று நினைத்து இவர் எடுக்கவில்லை. இந்தக் காலத்தில் அவரைக் குறை சொல்வதற்கும் இல்லை. 2019 முதல் பள்ளிகள் பெற்றோருக்கு அறிவிப்பு அனுப்புவதற்குப் பேரண்ட்ஸ் கேட்வே என்ற கைப்பேசிச் செயலி இருக்கிறது. அது அவர் கைப்பேசியில் இறங்கியிருக்கவே இல்லை. தாயாருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. வந்த கடிதத்தைப் பையனே வாசித்து, பையனே அர்த்தம் சொல்லியிருக்கிறான். என்ன அர்த்தம் சொல்லியிருப்பான் என்று நீங்கள் ஊகித்துக் கொள்ளுங்கள்.

நானும் அந்தத் தந்தையும் அவ்வாசிரியையைப் பார்க்கப் போனோம். பள்ளியின் பெயர் இங்கே தேவையில்லை. அவர் முஸ்லிமல்லாதவர், தமிழர் அல்லாதவர், வயதிலே மிக இளையவர். எங்களைக் கண்டதும் அவர் முகத்தில் தோன்றிய நிம்மதியை நான் மறக்க மாட்டேன். ஒரு குற்றச்சாட்டும் சொல்லவில்லை. "நீங்கள் வந்தீர்களே, அதுவே பெரிது" என்றார். பிறகு ஒரு தாளை எடுத்து விளக்கினார். அதை நான் உங்களுக்கும் சொல்ல வேண்டும். ஏனெனில், தலைநரைத்த நம்மில் அநேகருக்குப் பழைய முறைதான் ஞாபகத்தில் இருக்கிறது.

முன்பெல்லாம் தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டு பிள்ளைகளை விரைவு நிலை, வழக்க நிலை ஏட்டுக்கல்வி, வழக்க நிலை தொழில்நுட்பம் என்று மூன்றாகப் பிரித்தார்கள். 2024-ம் ஆண்டில் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்கள் தொடங்கி அந்தப் பிரிவுகள் இல்லை. சேரும்போது மூன்று குழுக்களில் ஒன்றின் வழியே சேருகிறார்கள். ஆனால் வகுப்பறை கலந்த வகுப்பறை. ஒவ்வொரு பாடத்தையும் ஜி1, ஜி2, ஜி3 என்ற மூன்று தரங்களில் ஒன்றில் படிக்கலாம், ஜி3 கடினமானது. ஒரே பிள்ளை தமிழை ஜி3-லும் கணிதத்தை ஜி2-லும் படிக்கலாம். நன்றாகச் செய்தால் இடையிலே தரம் உயர்த்தவும், திணறினால் மாற்றவும் வழியுண்டு. இவர்கள் 2027-ல் எழுதப் போவது பழைய ஓ நிலை, என் நிலைத் தேர்வுகள் அல்ல. எல்லாருக்கும் ஒரே சான்றிதழ்த் தேர்வு.

இதிலே நமக்கு என்ன விஷயம் என்கிறீர்களா? முன்பு ஒரு பிள்ளை ஒரு பிரிவில் விழுந்தால் பெரும்பாலும் நாலைந்து வருஷம் அங்கேயே கிடப்பான். தந்தை போனாலும் போகாவிட்டாலும் பெரிய வித்தியாசமில்லை என்று சாக்குச் சொல்லலாம். இப்போது பாடம் பாடமாக, வருஷம் வருஷமாகத் தீர்மானம் செய்யும் முறை. அந்தத் தீர்மானம் நடக்கும்போது பிள்ளையை அறிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். நம் பையன் கணிதத்தில் ஜி3 எடுத்துக்கொண்டு மூழ்கிக் கொண்டிருந்தான். சென்ற ஆண்டே ஜி2-க்கு மாற்றியிருந்தால் மூச்சு விட்டிருப்பான் என்றார் ஆசிரியை. அதற்காகவே பெற்றோரைத் தேடியிருக்கிறார். வீட்டிலோ ஜி2 என்றால் மானக்கேடு என்று பையன் பயந்திருக்கிறான். ஏன் பயந்தான்? கல்யாண வீட்டிலே நாம் பேசும் பேச்சைக் கேட்டுத்தான். "என் மகன் எல்லாம் ஜி3" என்று ஒருவர் சொல்ல, "என் மகளும் அப்படித்தான்" என்று மற்றவர் சொல்ல, மூலையிலே உட்கார்ந்து பிரியாணி உண்ணும் பிள்ளைகள் காது கொடுத்துக் கேட்கிறார்கள். தாய்மார்களுக்கும் இதைச் சொல்லுகிறேன்.

பத்ருப் போர் முடிந்து மக்காவின் கைதிகள் மதீனா வந்தபோது, மீட்புப் பணம் கொடுக்க இயலாத, ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்த கைதிகளுக்கு, மதீனத்துச் சிறுவர் பத்துப் பேருக்கு எழுத்துக் கற்றுக் கொடுப்பதே மீட்பு என்று ஏற்பாடாயிற்று. அப்படிக் கற்றவர்களிலே ஸைத் இப்னு ஸாபித் (ரலி) ஒருவர் என்று சரித்திர ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். பின்னாளில் அபூபக்கர் (ரலி) அவர்களின் கட்டளைப்படி திருக்குர்ஆனை ஒன்று திரட்டியவர் அந்த ஸைதுதான். போர்க்களத்தில் வாளேந்தி வந்த எதிரியின் முன்னே தங்கள் பிள்ளைகளை உட்கார வைத்து, கற்றுக்கொள் என்று சொன்ன பெற்றோர்களை நினைத்துப் பாருங்கள். நமக்கோ, நம் பிள்ளைக்காகத் தொண்டை வற்றப் பாடம் சொல்லும் ஓர் ஆசிரியையை வருஷத்துக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பதற்கு நேரமில்லை!

நேரமில்லை என்பது பொய்யன்று. கடையை மூடினால் அன்றைய வரவு போகும். மூன்றாம் முறை வேலை பார்ப்பவர் காலையில்தான் கண் அயர்வார். இதை நான் அறிவேன். ஆகையால்தான் ஒரு தந்தையிடம் மட்டும் இதைச் சுமத்தக் கூடாதென்கிறேன். ஸுஃப்பாவில் இருந்தவர்களுக்கு அவரவர் தந்தை மட்டுமா குலை கட்டினார்? ஊரே கட்டியது.

சங்க நிர்வாகிகளோடு பேசி மூன்று காரியம் செய்வதென்று தீர்மானித்திருக்கிறோம். சங்கக் கட்டடத்தின் மேல்மாடி அறை, திங்கள் முதல் வியாழன் வரை அஸருக்குப் பின் இரவு ஒன்பது மணி வரை உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்காகத் திறந்திருக்கும். துணைப்பாட வகுப்பு அன்று. மேசை, விளக்கு, அமைதி, அவ்வளவுதான். மூவறை வீட்டிலே ஆறு பேர் இருந்துகொண்டு தொலைக்காட்சியும் ஓடினால் பிள்ளை எங்கே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவது? தொடக்கக் கல்லூரியிலும் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் படிக்கும் நம் பிள்ளைகள் இருவர் அங்கே இருப்பார்கள். கேட்டால் சொல்லித் தருவார்கள். பெண் பிள்ளைகளுக்குப் பக்கத்து அறை. பெரியவர்கள் யாரும் அங்கே உட்கார்ந்து ஊர்க்கதை பேசக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன், நிர்வாகிகள் உள்பட.

இரண்டாவது, பள்ளியிலிருந்து வரும் அறிவிப்பை வாசிக்கத் தெரியாதவர்கள் வெள்ளிதோறும் ஜும்ஆவுக்குப் பின் அதைக் கொண்டு வந்தால், வாசித்துத் தமிழிலே சொல்ல இரண்டு பேர் இருப்பார்கள். கைப்பேசியில் செயலியை இறக்கித் தருவதும் அவர்களே. பிள்ளையிடமே அர்த்தம் கேட்கும் நிலை வேண்டா.

மூன்றாவதுதான் கஷ்டமானது. பணத்தால் ஆகாதது. பெற்றோர் - ஆசிரியர் சந்திப்பு நாளன்று கடையை விட்டு வர முடியாத தந்தைக்குப் பதிலாக அந்த மூன்று மணி நேரம் வேறொருவர் கடையில் நிற்க வேண்டும். நான் சொல்வது ஓய்வாய் இருப்பவரை அன்று. ஓய்வு நேரம் சூம்பிய குலை. தனக்கும் வேலையிருக்கிற, ஆயினும் அதை ஒதுக்கி வைத்து வருகிற ஒருவரின் நேரம் எனக்கு வேண்டும். அதுபோலவே, தந்தை இல்லாத பிள்ளைகள் நம் மஹல்லாவில் இருக்கிறார்கள். அவர்களின் தாயார் தனியே போய் ஆசிரியர் முன் உட்காரத் தயங்கினால், உடன் செல்ல ஒரு சகோதரி வேண்டும். பெற்றோர் ஆதரவுக் குழு என்று பள்ளிகளில் உண்டு. அதிலே நம்மவர் பெயர் எத்தனை இருக்கிறது என்று அந்த ஆசிரியையைக் கேட்டேன். அவர் புன்னகை செய்தார், பதில் சொல்லவில்லை.

பையனைப் பற்றிக் கேட்பீர்கள். இரண்டு வாரமாகப் பள்ளிக்குப் போகிறான். கணிதத்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். முதல் நாள் சீருடை சின்னதாகிப் போயிருந்ததால் தாயார் இரவோடிரவாக மடிப்பைப் பிரித்துத் தைத்தாராம். சென்ற வியாழனன்று ஒரு நாள் தப்பிவிட்டான். கேட்டால் தலைவலி என்றான். தலைவலியோ வேறென்னவோ, அல்லாஹ் அறிவான். கடையிலே இன்னும் ஆள் கிடைக்கவில்லை. தந்தை தனியாளாக ஆற்றிக் கொண்டிருக்கிறார். காலையிலே கூட்டம் சேர்ந்துவிட்டால் மகனைக் கண் தேடுகிறது என்று அவரே என்னிடம் ஒப்புக்கொண்டார்.

வருகிற சனிக்கிழமை அந்தப் பள்ளியில் பெற்றோர் சந்திப்பு. தந்தை, தாயார் இருவரையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். காலை எட்டு மணி முதல் பதினொன்று வரை கடையில் நிற்க ஒருவர் வேண்டும். தேத்தண்ணி ஆற்றத் தெரிந்திருந்தால் நல்லது. தெரியாவிட்டாலும் பாதகமில்லை, அன்று குடிக்க வருகிறவர்கள் பொறுத்துக் கொள்வார்கள், நான் உள்பட. இஷாத் தொழுகை முடிந்ததும் நான் இரண்டாவது தூணருகே உட்கார்ந்திருப்பேன். பெயர் கொடுக்க விரும்புகிறவர் அங்கே வரலாம்.

வஸ்ஸலாம்.